கருவிழிக்குள் ஒரு வளையம்: வெள்ளெழுத்துக்கு ஆபரேஷன் வந்த கதையும் போன கதையும்



நாற்பதைத் தாண்டியவர்களுக்கும், சீக்கிரமே தாண்டப் போகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்க.

கொஞ்ச நாளாக எனக்கு ஒரே வீடியோ பல பேரிடம் இருந்து வந்துகொண்டே இருக்கிறது. கண்ணில் லேசரால் ஒரு கீறல். அதற்குள் கடுகளவு அகலம் கொண்ட ஒரு வட்டத் துண்டை வைக்கிறார்கள். நோயாளி எழுந்து உட்கார்ந்து செல்போனில் மெசேஜ் படிக்கிறார். "வாசிப்புக் கண்ணாடிக்கு குட்பை" என்று கீழே எழுத்து ஓடுகிறது. கூடவே கேள்வி வரும்: "டாக்டர், இது நம்ம ஊர்ல எங்க பண்றாங்க? எவ்வளவு ஆகும்?"

முதலில் நேரடியான பதில். அந்த வீடியோவில் இருக்கும் கருவியைத் தயாரித்த கம்பெனி 2018 ஜனவரியிலேயே கடையை மூடிவிட்டது. அதே வருடம் அக்டோபரில், "இதை இனி யாருக்கும் பொருத்தாதீர்கள்" என்று அமெரிக்காவின் எஃப்டிஏ கண் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. இத்தனைக்கும் அனுமதி கொடுத்ததும் அதே எஃப்டிஏதான். இடைவெளி வெறும் இரண்டே கால் வருடம்.

இரண்டே கால் வருடத்தில் என்ன நடந்தது? அதைச் சொல்ல 1949-க்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு விஷயம். நான் கண் மருத்துவர் அல்ல. அரசு மருத்துவமனையில் பொது ஓ.பி. பார்க்கும் எம்பிபிஎஸ் மருத்துவன். யாருக்கு எந்த ஆபரேஷன் சரி என்று சொல்ல நான் வரவில்லை. அதைக் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லப் போவது வரலாறு.

வெள்ளெழுத்து என்று நாம் சொல்வதற்குத் தமிழில் இன்னொரு பெயரும் உண்டு. பெரியவர்களிடம் கேட்டால் "சாளேஸ்வரம்" என்பார்கள். ஏதோ சிவன் கோயில் பெயர் மாதிரி இருக்கிறது இல்லையா? அது 'சாலீஸ்' என்ற உருதுச் சொல்லிலிருந்து வந்தது. சாலீஸ் என்றால் நாற்பது. நாற்பது வயதில் வருவதால் சாளேஸ்வரம். நோயின் பெயரிலேயே வயதை ஒட்டி வைத்துவிட்டார்கள்.

ஏன் நாற்பது? நம் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் சின்ன வயதில் ஜெல்லி மாதிரி மெதுவாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கும், லென்ஸ் உப்பி அதன் பவர் கூடும். தூரத்தில் பார்த்தால் பழையபடி தட்டையாகிவிடும். வருடம் ஏற ஏற லென்ஸ் இறுகிக்கொண்டே போகிறது. இந்த இறுக்கம் பத்து வயதிலேயே தொடங்கிவிடுகிறது. நாற்பத்தைந்தில்தான் நமக்கு உறைக்கிறது, கை நீளம் போதாமல் பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கும்போது. நெதர்லாந்தின் டோண்டர்ஸ் 1864-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக அளந்து எழுதிவிட்டார். இது யாருக்கும் தப்பாது. ஐம்பத்தைந்து வயதிலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன் என்று ஒருவர் பெருமையடித்தால், பெரும்பாலும் அவருக்கு ஒரு கண்ணிலாவது லேசான கிட்டப்பார்வை இருக்கும். அதுவே இங்கே அவருக்கு உதவுகிறது.

இதற்கு மனிதகுலம் கண்டுபிடித்த முதல் மருந்து மூக்குக் கண்ணாடி. இத்தாலியில் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. 1306-இல் ஃபுளோரன்ஸ் நகரில் பிரசங்கம் செய்த ஜியோர்டானோ என்ற துறவி, கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் இருபது வருடம்கூட ஆகவில்லை என்று வியந்து பேசியிருக்கிறார். அந்த முதல் கண்ணாடிகள் வெள்ளெழுத்துக்காகவே செய்யப்பட்டவை. ஆக, எழுநூறு வருடத்துக்கும் மேலாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு தீர்வு நம் கையில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இப்போது 1949.

அன்றைக்குக் கண்புரை ஆபரேஷன் என்றால், புரை விழுந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். பதிலுக்கு உள்ளே எதையும் வைப்பதில்லை. நம் தாத்தா பாட்டிகள் போட்டிருந்த சோடாபுட்டிக் கண்ணாடி நினைவிருக்கிறதா? அது இதற்காகத்தான். அந்தக் கனமான கண்ணாடியை ஒழிக்க அந்த ஒரே வருடத்தில் இரண்டு பேர் இரண்டு வழிகளில் யோசித்தார்கள்.

ஒருவர் லண்டனின் ஹரோல்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் மேல்மூடி உடைந்து, அதன் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயிருந்தன. அவை சீழ் பிடிக்காமல், கண்ணை உறுத்தாமல் சும்மா கிடந்ததை அவர் கவனித்திருந்தார். 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே பொருளில் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார்.

இன்னொருவர் ஸ்பெயினின் பார்சிலோனாவில் பிறந்த ஹோசே பராக்கர். பின்னாளில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் குடியேறி அங்கேயே வாழ்ந்தவர். இவர் வேறொரு இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கண்ணுக்கு உள்ளே ஏன் போக வேண்டும்? கண்ணின் முன்பக்கம், கடிகாரத்தின் மேல் இருக்கும் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறதே, கார்னியா எனும் கருவிழிப் படலம். கண்ணின் மொத்தப் பவரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதன் வளைவில்தான் இருக்கிறது. வெளியிலிருந்தே கை வைக்கலாம். அதற்குள் ஒரு லென்ஸைச் செருகினால் போதாதா?

கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது பாருங்க. ரிட்லியின் முறையைவிட இதுதான் பாதுகாப்பானது என்று எனக்கே தோன்றியிருக்கும். கண்ணைத் திறக்க வேண்டாம், ஆழமாகப் போக வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம்.

பராக்கர் கண்ணாடியாலும் பிளெக்சிகிளாஸ் எனும் பிளாஸ்டிக்காலும் சின்னத் தட்டுகள் செய்து கருவிழிப் படலத்தின் அடுக்குகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். தட்டுக்கு மேலே இருந்த திசு மெலிந்தது, அழுகியது. கடைசியில் கண் அந்தத் தட்டை வெளியே தள்ளிவிட்டது.

ரிட்லியின் லென்ஸிலும் ஆரம்பத்தில் சிக்கல்கள் ஏராளம். சக மருத்துவர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் அந்த வழி தாக்குப்பிடித்தது. இன்று நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் நடக்கும் ஒவ்வொரு கண்புரை அறுவை சிகிச்சையும் அவர் போட்ட பாதைதான். பராக்கரின் தட்டு மட்டும் ஏன் தோற்றது?

காரணம் ரொம்ப எளிது. கருவிழிப் படலத்துக்கு ரத்தக் குழாய் கிடையாது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டுமே, ரத்தக் குழாய் ஓடினால் எப்படி? அப்படியானால் அது எதைச் சாப்பிட்டு உயிர்வாழ்கிறது? ஆக்சிஜனை முன்பக்கம் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை பின்பக்கம் இருக்கும் கண்நீரிலிருந்து வருகிறது. இந்தப் படலம் நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அந்த அரை மில்லிமீட்டருக்குள் பின்னாலிருந்து முன்னுக்கு ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்தால்? வாய்க்காலின் குறுக்கே பலகை வைத்த மாதிரி. பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பயிர் காய்ந்துபோகும்.

கண்ணுக்குள்ளே வைக்கும் லென்ஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதைச் சுற்றிலும் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது, யாருடைய சாப்பாட்டையும் அது மறிப்பதில்லை. கருவிழிக்குள் வைக்கும் எதுவும் ஒரு உயிருள்ள திசுவின் நடுவே போய் உட்காருகிறது. இதற்குப் பிறகு வந்த எழுபது வருடக் கதையும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியேதான்.

பராக்கர் அதோடு சும்மா இருக்கவில்லை. மனிதர் சாதாரண ஆள் இல்லை. பிளாஸ்டிக் ஒத்துக்கொள்ளவில்லையா, நோயாளியின் கருவிழியிலிருந்தே ஒரு சீவலை எடுத்து, உறைய வைத்து, லேத்தில் கடைந்து, வடிவம் மாற்றித் திரும்பவும் அதே கண்ணில் வைத்தார். ஆமாம், லேத்தில்தான். தானமாகக் கிடைத்த கருவிழியிலிருந்து லென்ஸ் கடைந்து உள்ளே வைக்கவும் செய்தார். கருவிழியைச் சீவி, வடிவம் மாற்றி, பவரைச் சரிசெய்யலாம் என்ற அவருடைய எண்ணமே பல கை மாறி லாசிக் ஆனது. இன்று கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்ற லாசிக் செய்துகொள்ளும் பிள்ளைகள் எல்லோரும் அந்த லேத்துக்குக் கடன்பட்டவர்கள்.

பிளாஸ்டிக் தட்டு வழியில் போனவர்கள் பொருளை மாற்றிப் பார்த்தார்கள். 1967-இல் போஸ்டனில் கிளேஸ் டோல்மன் குழுவினர் நீர் ஊடுருவக்கூடிய ஹைட்ரோஜெல்லைச் சோதித்தார்கள். திசையளவில் அது சரியான யோசனை. இங்கிலாந்தின் பீட்டர் சாய்ஸ், ரிட்லியோடு நெருங்கிப் பணியாற்றியவர், பாலிசல்ஃபோன் என்ற உறுதியான பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார். ஒளியை நன்றாக வளைக்கும், மெல்லிசாகச் செய்யலாம். ஆனால் நீர் ஊடுருவாது. மறுபடியும் அதே கதை: மேலே இருந்த திசு கரைந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பெரிய பவர் குறைகளுக்காக நடந்த முயற்சிகள். வெள்ளெழுத்து இதில் எங்கே நுழைந்தது?

1990-களுக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் சேர்ந்தன. கருவிழிக்குள் மிகத் துல்லியமாகச் சட்டைப்பை மாதிரி ஒரு பையை வெட்டித் தரும் ஃபெம்டோசெகண்ட் லேசர் வந்தது. இன்னொரு பக்கம், லாசிக் செய்து கண்ணாடியைக் கழற்றிய தலைமுறைக்கு நாற்பது வயது ஆனது. காசு செலவழித்துக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டவர்கள். அவர்கள் கையில் மறுபடியும் ஒரு கண்ணாடி! சந்தை ரெடி. அமெரிக்கக் கம்பெனிகள் களத்தில் இறங்கின.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கம்ரா. கலிஃபோர்னியாவின் அக்யூஃபோகஸ் நிறுவனம் செய்தது. புரிய வேண்டும் என்றால் இப்போதே ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்க. ஒரு காகிதத்தில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி, அந்த ஓட்டை வழியாக மங்கலாகத் தெரியும் எழுத்தைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் பாருங்க. எழுத்து கொஞ்சம் இருட்டாகத் தெரியும், ஆனால் தெளிவாகத் தெரியும். ஓ.பி.யில் நாங்கள் ஓட்டை போட்ட தட்டைக் கண் முன்னால் பிடித்துப் பார்ப்பது இதனால்தான். ஓட்டை வழியாகப் பார்வை தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போட வேண்டிய பிரச்சினை. தெளியவில்லை என்றால் புரையோ விழித்திரைக் கோளாறோ என்று தேட வேண்டும்.

இந்த ஊசி ஓட்டையைக் கண்ணுக்குள்ளேயே வைத்தால்? அதுதான் கம்ரா. 3.8 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கறுப்பு வளையம், நடுவில் 1.6 மில்லிமீட்டர் துளை. ஒரு கண்ணில் மட்டும் பொருத்துவார்கள், அதுவும் குறி பார்க்க நாம் பயன்படுத்தாத கண்ணில். இன்னொரு கண்ணைத் தொடுவதில்லை. வளையத்தின் தடிமன் 5, 6 மைக்ரான்தான். நம் தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் வரும் தடிமன்.

நான் வியந்தது அதுவல்ல. அந்த வளையத்தில் கண்ணுக்கே தெரியாத 8,400 நுண்துளைகள் போட்டிருந்தார்கள். எதற்கு? பின்னாலிருந்து சர்க்கரையும் நீரும் முன்னால் ஊறிப் போவதற்கு. 1949-இல் பராக்கரின் தட்டு எதனால் தோற்றதோ, அதற்கான பதில் இந்த 8,400 துளைகள். அவற்றை வரிசையாகப் போட்டால் ஒளி சிதறும் என்று வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் இறைத்துப் போட்டார்கள். முந்தைய வடிவத்தில் 1,600 துளைகள்தான் இருந்தன. அதில் பாடம் படித்துத் திருத்தியது இது. சும்மா காசுக்காகச் செய்த வேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது, மூளையைக் கசக்கியிருக்கிறார்கள்.

2015 ஏப்ரலில் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. கண்புரை ஆபரேஷன் செய்யாதவர்களுக்குக் கிட்டப் பார்வையைச் சரிசெய்ய அங்கே அனுமதி பெற்ற முதல் உள்வைப்புக் கருவி இது. ஆய்வில், ஒரு வருட முடிவில் சுமார் 83 சதவீதம் பேருக்குக் கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்கும் அளவுக்குக் கிட்டப் பார்வை வந்திருந்தது. நல்ல எண்தான். மறுபக்கமும் இருக்கிறது. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, கூச்சம், கண் உலர்வு, அந்த ஒரு கண்ணில் காட்சி இருண்டு தெரிவது. அதே ஆய்வில் பொருத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு நெருக்கமானோர், மூன்று வருடத்துக்குள் வளையத்தை எடுத்துவிட்டார்கள். எடுக்க முடிந்தது என்பது ஆறுதல். ஆனால் ஆபரேஷன் செய்தவர்களில் பதினோரு பேருக்கு ஒருவர் திரும்பி வந்து 'எடுத்துடுங்க' என்றால், அது எந்த மருத்துவருக்கும் தூக்கம் கெடுக்கும் கணக்கு.

அடுத்தது ரெயின்டிராப், மழைத்துளி. வீடியோவில் வருவது இதுதான். ரிவிஷன் ஆப்டிக்ஸ் என்ற கம்பெனி, இதுவும் கலிஃபோர்னியாதான். 2 மில்லிமீட்டர் அகலம், நடுவில் 30 மைக்ரானுக்குச் சற்றே கூடுதலான தடிமன். பெரும்பகுதி தண்ணீரே ஆன ஹைட்ரோஜெல். துளை எதுவும் தேவையில்லை, நீரும் சத்தும் அதன் ஊடாகவே போகும். கருவிழிக்குள் அது ஒரு சின்ன மேடு மாதிரி உட்கார, மேல்பரப்பின் நடுப்பகுதி கொஞ்சம் உப்பும். உப்பிய இடத்தில் பவர் கூடும். அவ்வளவுதான்.

2016 ஜூனில் அனுமதி. 373 பேர் ஆய்வு. இரண்டு வருட முடிவில் 92 சதவீதம் பேருக்குச் செய்தித்தாள் படிக்கும் பார்வை. கம்ராவைவிட நல்ல எண். வீடியோக்கள் பறந்தன.

அனுமதி கொடுக்கும்போது எஃப்டிஏ ஒரு நிபந்தனை போட்டிருந்தது. பொருத்திக்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து அறிக்கை தர வேண்டும் என்று. இந்த ஒரு வரிதான் பின்னால் பல பேருடைய கண்ணைக் காப்பாற்றியது. ஆய்வில் பங்கேற்றவர்களில் 150 பேரை ஐந்து வருடம் வரை பின்தொடர்ந்தபோது, 75 சதவீதம் பேருக்குக் கருவிழியில் புகை படிந்த மாதிரி மங்கல் வந்திருந்தது. 42 சதவீதம் பேருக்கு அந்த மங்கல் நட்ட நடுவில், நாம் பார்க்கும் பாதையிலேயே.

ஏன் மங்கல்? கருவிழிக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் செல்கள், அந்நியப் பொருள் ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் விழித்துக்கொள்கின்றன. காயத்தைக் கட்டுவதாக நினைத்துத் தழும்பு போடத் தொடங்குகின்றன. கருவிழி தெளிவாக இருப்பதே அதன் இழைகள் நெய்த துணி மாதிரி சீராக அடுக்கப்பட்டிருப்பதால்தான். தழும்பு இழைகளுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. சாப்பாட்டை மறிக்காத பொருளைச் செய்துவிட்டார்கள், ஆனால் அந்தத் திசுவை ஏமாற்ற முடியவில்லை.

இரண்டு வருடத்தில் 92 சதவீதம் வெற்றி. ஐந்து வருடத்தில் 75 சதவீதம் மங்கல். இரண்டுமே உண்மையான எண்கள். எந்த வருடத்தில் நின்று எண்ணுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஒரு புதுச் சிகிச்சையின் விளம்பரத்தைப் பார்க்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வெற்றி எத்தனை சதவீதம் என்பதல்ல. "எத்தனை வருஷம் பார்த்துச் சொல்றீங்க?" என்று கேளுங்க.

கொடுமை என்னவென்றால், அந்தப் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தபோது கம்பெனி மூடி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கண்ணுக்குள் கருவி இருக்கிறது, செய்தவன் இல்லை.

மூன்றாவதாக ஃபிளெக்சிவியூ என்று ஒன்று. ஐரோப்பாவில் சில காலம் புழங்கியது, அமெரிக்க அனுமதியை எட்டவே இல்லை. கம்ரா பிறகு கை மாறியது, மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். லாசிக்கிலும் சிக்கல் உண்டு, கண்புரை ஆபரேஷனிலும் உண்டு, இதை மட்டும் ஏன் இப்படித் துருவ வேண்டும்? என் பதில் இது. கண்புரை முற்றியவருக்கு ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போகும். அங்கே கொஞ்சம் ஆபத்தை ஏற்பதில் அர்த்தம் இருக்கிறது. வெள்ளெழுத்துக்காரரின் கண்ணில் நோயே கிடையாது. தூரப் பார்வை அற்புதமாக இருக்கிறது. அவருக்கு இருக்கும் மாற்று வழி, கடைத்தெருவில் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கண்ணாடி. அதன் பக்கவிளைவு மூக்கில் தடம் விழுவது. இந்தக் கண்ணாடியோடு போட்டி போட்டு ஜெயிக்க வேண்டும் என்றால் ஒரு ஆபரேஷன் எவ்வளவு பத்திரமானதாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு முழுமையாகாது. சில ஆயிரம் டாலர் செலவில் அமெரிக்காவில் வளையம் பொருத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், சாதாரணக் கண்ணாடிகூடக் கிடைக்காமலோ சரியாக அமையாமலோ கிட்டப் பார்வை மங்கியிருந்தவர்கள் உலகில் 82 கோடிக்கும் மேல். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களிடம் நடந்த ஒரு ஆய்வு 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. பாதிப் பேருக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடியும்வரை கொடுக்கவில்லை. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து மற்றவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 22 சதவீதம் கூடுதல். எடைக்குக் கூலி வாங்குபவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

"நான் என்ன படிக்கவா போறேன், எனக்கெதுக்குக் கண்ணாடி" என்று சொல்லும் அம்மாக்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அரிசியில் கல் பொறுக்குவது கிட்டப் பார்வை. ஊசியில் நூல் கோர்ப்பது, பூ கட்டுவது எல்லாம் கிட்டப் பார்வைதான். சர்க்கரை மயக்கத்தில் திரும்பத் திரும்ப அட்மிட் ஆன ஒரு அம்மாவிடம், "இன்சுலின் எப்படிப் போடுறீங்க, எடுத்துக் காட்டுங்கம்மா" என்றேன். பதினாறு யூனிட்டுக்குப் பதில் இருபத்திரண்டில் நிறுத்தினார். சிரிஞ்சின் கோடுகள் அவருக்குத் தெரியவே இல்லை, குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டிருந்தார். மருந்தை மாற்றவில்லை. கண் மருத்துவ உதவியாளரிடம் அனுப்பி ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அதற்கப்புறம் அந்த மயக்கம் வரவில்லை.

சரி, கருவிழிக்குள் வைக்கும் வழி செத்தே போய்விட்டதா? இல்லை. கதை இங்கேதான் நம் சென்னைக்கு வருகிறது.

கிட்டப்பார்வைக்கு ஸ்மைல் என்ற லேசர் சிகிச்சை செய்யும்போது, நோயாளியின் கருவிழியிலிருந்து லென்ஸ் வடிவத்தில் ஒரு மெல்லிய திசுத் துண்டை எடுப்பார்கள். வழக்கமாக அது குப்பைக்குப் போகும். சென்னை டாக்டர் அகர்வால்ஸ் கண் மருத்துவமனையின் டாக்டர் சூசன் ஜேக்கப், அந்தத் துண்டிலிருந்து 1 மில்லிமீட்டர் வட்டத்தை வெட்டி, வெள்ளெழுத்து உள்ள இன்னொருவரின் கருவிழிக்குள் வைக்கும் முறையை உருவாக்கினார். 'பேர்ல்' என்று பெயர். முத்து! முதல் சில நோயாளிகளின் முடிவுகளை 2017-இல் வெளியிட்டார். மனிதத் திசு என்பதால் சத்து ஊறிப் போக அது தடையில்லை, பிளாஸ்டிக் மாதிரி அந்நியமாகவும் இருக்காது என்பது இதன் வாதம். தானம் தருபவருக்குத் தொற்று இல்லை என்று பரிசோதிக்க வேண்டும், நீண்டகால முடிவுகளுக்குக் காத்திருக்க வேண்டும். எனக்கு இதில் சுவாரசியமாகப் பட்டது வேறு. தானக் கருவிழியில் லென்ஸ் கடைந்து உள்ளே வைத்த பராக்கரின் பழைய யோசனை, லேத் போய் லேசர் வந்து, திரும்ப எழுந்து நிற்கிறது.

ஊசி ஓட்டை யோசனையும் சாகவில்லை. அது சொட்டு மருந்தாக வந்தது. பைலோகார்பின் பழைய மருந்து, 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கண் அழுத்த நோய்க்குப் பயன்படுகிறது. அது கண்பாவையைச் சுருக்கும். பாவை சுருங்கினால் ஊசி ஓட்டை தயார். 2021 அக்டோபரில் வெள்ளெழுத்துக்கு இதை எஃப்டிஏ அனுமதித்தது. சில மணி நேரம் வேலை செய்யும். தலைவலி வரலாம், இருட்டில் பார்வை மங்கும், அபூர்வமாக விழித்திரை பிரியும் ஆபத்தும் எச்சரிக்கையில் இருக்கிறது. நம் நாட்டிலும் 2024-இல் இப்படி ஒரு சொட்டு மருந்துக்கு அனுமதி கிடைத்து, "கண்ணாடி தேவையில்லை" என்று செய்திகள் பறந்தது நினைவிருக்கும். அனுமதித்ததைத் தாண்டி விளம்பரம் செய்ததாகச் சொல்லி அடுத்த மாதமே அந்த அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். ஃபார்வர்டு செய்தவர்கள் யாரும் இந்த இரண்டாவது செய்தியை ஃபார்வர்டு செய்யவில்லை!

கம்ராவைச் செய்த அக்யூஃபோகஸ் என்ன ஆனது? அந்தக் கறுப்பு வளையத்தைக் கருவிழிக்குள் வைப்பதை விட்டுவிட்டு, கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸுக்குள்ளேயே பதித்தார்கள். ஐசி-8 என்று பெயர். 2022-இல் அதற்கும் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. எப்படியும் லென்ஸ் மாற்றப் போகிற கண், சுற்றிலும் நீர், மறிக்க எதுவும் இல்லை. பராக்கரின் இடத்தில் நிலைக்க முடியாத வளையம், 1949 நவம்பரில் ரிட்லி காட்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கடைசியாக இரண்டு நடைமுறை விஷயங்கள்.

உங்கள் சொந்தத்தில் யாராவது வெளிநாட்டில் இந்தத் தட்டையோ வளையத்தையோ பொருத்தியிருந்தால் பதற வேண்டாம். பார்வை நன்றாக இருந்தாலும் கண் மருத்துவரிடம் முறையாகக் காட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்க. மங்கல், கூச்சம், வலி வந்தால் அன்றே போக வேண்டும். எந்தக் கண்ணில், எந்தக் கருவி, எந்த வருடம் என்ற விவரம் அவர்கள் கையில் இருக்கட்டும். நாளை வேறு ஆபரேஷன் என்றால் அங்கே கேட்பார்கள்.

கடைத்தெருவில் கண்ணாடி வாங்குபவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் முதல் முறை எழுத்து மங்கும்போது ஒரே ஒரு தடவை கண் பிரிவுக்கு வந்து கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்த்துவிட்டுப் போங்க. நாற்பது வயதில் சத்தமில்லாமல் வருவது வெள்ளெழுத்து மட்டுமல்ல. கண் அழுத்த நோய்க்கும் பெரும்பாலும் வலி கிடையாது, சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறுக்கும் ஆரம்பத்தில் வலி கிடையாது. அரசு மருத்துவமனையில் காலை ஓ.பி. சீட்டு போட்டால் போதும், பரிசோதனைக்குக் காசில்லை. கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். அன்றைக்கு மட்டும் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, கூட ஒரு ஆளை அழைத்துக்கொண்டு வாருங்கள்.